அழுத்தம் இறங்கிய எண்ணெய்க் கிணற்றில் சிமெண்ட் வேலை: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் எண்ணெய்த் துறையில் சிமெண்டிங் பிரிவுக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கணக்குப் போடுவது இங்கே, அலுவலகத்தில். கிணறுகள் இருப்பது தெரெங்கானு, சரவாக், சபா கடல்களில். நீங்கள் கெலானா ஜெயாவிலோ செந்தூலிலோ இருந்து ரயில் பிடித்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து போடும் ஒரு எண், சில நாட்களில் கெர்த்தேயிலோ மீரியிலோ லாபுவானிலோ இருந்து புறப்பட்ட ஒரு குழுவின் கைக்குப் போய்ச் சேரும். அந்த எண்ணை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

முதலில் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்

மலேசியாவில் எண்ணெய் எடுப்பது புதிது அல்ல. மீரியில் முதல் கிணறு 1910ல் எண்ணெய் தந்தது. தெரெங்கானுவுக்கு அப்பால் இருக்கும் தாப்பிஸ் வயல் 1978 முதல் எண்ணெய் தருகிறது. இப்படிப் பல பத்தாண்டுகள் உறிஞ்சப்பட்ட வயல்களுக்குள்ளேதான் இன்றும் புதுக் கிணறுகள் இறங்குகின்றன. எண்ணெய் எடுக்க எடுக்க மணற்பாறைக்குள் இருக்கும் அழுத்தம் இறங்கிவிடும். ஆனால் எல்லா அடுக்கிலும் ஒரே மாதிரி இறங்காது. மேலே ஒரு மணல் அடுக்கு காலியாகிக் கிடக்கும், அதற்குக் கீழே நூறு அடியில் இன்னொரு அடுக்கு யாரும் தொடாத பழைய அழுத்தத்தோடு இருக்கும், நடுவில் களிப்பாறை. கிணறு இவை எல்லாவற்றையும் குத்திக்கொண்டு போகிறது.

துளைக்குள் இறக்கும் இரும்புக் குழாய்க்கு கேசிங் என்று பெயர். கேசிங்குக்கும் பாறைக்கும் இடையே உள்ள வளைய இடைவெளியில் சிமெண்ட் நிரம்பி, ஒவ்வொரு அடுக்கையும் மற்றதிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். அது சரியாக அமையவில்லை என்றால் அழுத்தம் அதிகமுள்ள அடுக்கின் எரிவாயுவும் எண்ணெயும் கேசிங்கின் வெளிப்பக்கமாகவே நழுவி, காலியான அடுக்குக்குள் போய்விடும். மேலே மீட்டரில் ஒன்றும் தெரியாது. எண்ணெய் பூமிக்குள்ளேயே தொலைந்துபோகும். சில நேரம் தண்ணீர் அதே வழியாக வந்து கிணற்றையே கெடுத்துவிடும். இன்னும் மோசமாகப் போனால் வாயு மேலே வெல்ஹெட் (கிணற்றின் வாய்) வரை வந்து நிற்கும்.

இதில் புதியவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. மணலுக்குள் அழுத்தம் இறங்கினால் அந்தப் பாறையின் தாங்கும் சக்தியும் இறங்குகிறது. உள்ளே இருந்த திரவம் பாறையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது போனதும் பக்கவாட்டு இறுக்கம் தளர்கிறது. பொதுவாக அழுத்தம் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற அளவு) இறங்கினால், பாறை பிளக்கும் அழுத்தம் 50 முதல் 80 பிஎஸ்ஐ வரை இறங்கும். பாறைக்குப் பாறை இது மாறும். ஆக, பக்கத்துக் கிணற்றில் இருபது வருடம் முன்பு அழகாக நின்ற அதே சிமெண்ட் இன்று போட்டால் மணலைப் பிளந்துகொண்டு உள்ளே ஓடிவிடும். பழைய வேலைத் திட்டத்தை (புரோகிராம்) எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்பும் பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. தயவுசெய்து அதைப் பழகாதீர்கள்.

இன்றைய அழுத்தத்தைக் கேட்டு வாங்குங்கள்

வேலை கைக்கு வந்ததும் சாஃப்ட்வேரைத் திறக்காதீர்கள். முதலில் கேள்விகளை எழுதுங்கள். ஒவ்வொரு மணல் அடுக்கிலும் இன்று அழுத்தம் எவ்வளவு? எப்போது அளந்தது, எந்தக் கருவியால்? வயர்லைனில் (கம்பியில் கருவியை இறக்கி) அளந்த எண்ணா, ரிசர்வாயர் (எண்ணெய் தேங்கிய பாறை) மாடலில் வந்த ஊகமா? பிளக்கும் அழுத்தத்தை யார் கணக்கிட்டார்கள், அழுத்தம் இறங்கியதைச் சேர்த்தா, சேர்க்காமலா? துளையிடும்போது கிணற்றில் சுழலும் திரவமான மட் எங்காவது காணாமல் போனதா, எந்த ஆழத்தில், மணிக்கு எத்தனை பேரல்?

இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. மாடல் பொய் சொல்லலாம். மட் குடித்த பாறை பொய் சொல்லாது.

இவற்றைக் கொடுக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் இன்னொரு கம்பெனியில், இன்னொரு கட்டடத்தில் இருப்பார்கள். புதுப் பையன், புதுப் பெண் என்று தயங்க வேண்டாம். மின்னஞ்சல் போட்டுப் பதில் வரவில்லையா, நேரில் போய் உட்காருங்கள். ரிசர்வாயர் பிரிவில் இருப்பவர் டிரில்லிங் பிரிவில் இருப்பவரிடம் சொல்லாத விஷயம் நிறைய இருக்கும். நீங்கள் கேட்கும்போதுதான் இருவரும் ஒரே மேசைக்கு வருவார்கள்.

கணக்கு: ஒரு உதாரணம்

எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன். எந்தக் கிணற்றையும் குறிப்பதல்ல. ஆழம் 6000 அடி, செங்குத்துக் கிணறு. தொடக்கத்தில் மணலின் அழுத்தம் 2620 பிஎஸ்ஐ, பாறை பிளக்கும் அழுத்தம் 4212 பிஎஸ்ஐ. இன்று மணலின் அழுத்தம் 1200. அதாவது 1420 இறங்கியிருக்கிறது. அதில் 0.6 பங்கு என்று எடுத்தால் பிளக்கும் அழுத்தம் 852 குறைந்து 3360 பிஎஸ்ஐ ஆகிறது. அழுத்தம் தாண்டக் கூடாத உங்கள் கூரை இதுதான்.

திரவ நிரலின் அழுத்தத்துக்கு ரிக்கில் எல்லோரும் மனதில் வைத்திருக்கும் சூத்திரம்: 0.052 பெருக்கல் அடர்த்தி பெருக்கல் அடி. அடர்த்தி பிபிஜியில், அதாவது ஒரு கேலனுக்கு எத்தனை பவுண்டு என்று. மேலே உள்ள களிப்பாறை சரியாமல் இருக்க மட் 9.5 பிபிஜி தேவை என்று வைப்போம். சிமெண்ட் கடைசி 1000 அடிக்கு வேண்டும்.

ஜி வகை சிமெண்டைச் சேர்மானம் இல்லாமல் தண்ணீரில் கலந்தால் 15.8 பிபிஜி. 5000 அடி மட் 2470 பிஎஸ்ஐ; 1000 அடி சிமெண்ட் சுமார் 822. இரண்டும் சேர்ந்து 3292. பம்ப் ஓடும்போது இடைவெளியில் ஏற்படும் உராய்வு இன்னும் 150 என்றால் 3442. கூரையைத் தாண்டி 82 பிஎஸ்ஐ போய்விட்டது. பாறை பிளக்கும்.

அதே இடத்தில் 12.0 பிபிஜி ஸ்லரி (தண்ணீரில் கலந்த சிமெண்ட்) போட்டால் சிமெண்டின் பங்கு 624. மொத்தம் 3094, உராய்வோடு 3244. கூரைக்குக் கீழே 116 பிஎஸ்ஐ மிச்சம்.

இங்கே ஒன்று கவனியுங்கள். துளை அங்கங்கே அகன்றிருக்கலாம் என்று கூடுதலாக 30 சதவீதம் சிமெண்ட் போடுவது வழக்கம். துளை அகலாமல் சரியாக இருந்தால் அந்தக் கூடுதல் சிமெண்ட் 1300 அடி உயரத்துக்கு ஏறும். அப்போது மொத்தம் 3283, மிச்சம் 77தான். சாதாரணக் கிணற்றில் கூடுதல் அளவு பாதுகாப்பு. அழுத்தம் இறங்கிய கிணற்றில் அதுவே சுமை. துளையின் அகலத்தை அளக்கும் காலிப்பரின் அளவை வாங்கி, உண்மையான கன அளவைக் கணக்கிட்டு, அப்புறம் எவ்வளவு கூட்டலாம் என்று முடிவு செய்யுங்கள். 8½ அங்குலத் துளையில் 7 அங்குல கேசிங் என்றால் அடிக்கு 0.0226 பேரல், 1000 அடிக்கு 22.6 பேரல். இவ்வளவு சிறிய அளவில் ஐந்து பேரல் வித்தியாசமே இருநூறு அடிக்கு மேல் ஏற்றிவிடும்.

ஸ்லரியை லேசாக்குவது

மூன்று வழி உண்டு. முதலாவது, தண்ணீரைக் கூட்டி, பென்டோனைட்டோ சோடியம் சிலிகேட்டோ சேர்த்து அது பிரியாமல் பிடித்து வைப்பது. மலிவு, எளிது. ஆனால் தண்ணீர் கூடக் கூடக் கெட்டியான சிமெண்டின் பலம் குறையும், வாயு ஊடுருவும் தன்மை கூடும். மேலே நிரப்புவதற்கு ஓகே. எண்ணெய் மணலைப் பிரித்து நிறுத்த வேண்டிய இடத்தில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, உள்ளே காற்றுள்ள நுண்ணிய கண்ணாடி உருண்டைகளையோ, நிலக்கரிச் சாம்பலில் கிடைக்கும் அதே மாதிரி உருண்டைகளையோ கலப்பது. தண்ணீர் அளவு கூடாமலே எடை குறைகிறது. பலமும் நன்றாக வரும். ஒவ்வொரு ரக உருண்டையும் எவ்வளவு அழுத்தம் வரை நொறுங்காமல் தாங்கும் என்று ஒரு மதிப்பு இருக்கும். ஆழத்தின் நிலை அழுத்தத்தை மட்டும் பார்த்து ரகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பம்ப் அழுத்தமும், சிமெண்டுக்குப் பின்னால் குழாய்க்குள் போகும் பிளக் (அடைப்பான்) அடியில் மோதும்போது வரும் அழுத்தமும் அதில் சேர வேண்டும். உருண்டை நொறுங்கினால் ஸ்லரி உள்ளேயே கனமாகிவிடும். மேலே நிற்கும் யாருக்கும் அது தெரியாது.

மூன்றாவது, நைட்ரஜன் நுரைச் சிமெண்ட். மிகவும் லேசாகப் போகலாம். ஆனால் ஆழத்துக்கு ஏற்ப வாயு சுருங்குவதால் கணக்கும் கருவியும் ஆட்களும் கூடுதலாக வேண்டும், நுரை உடையாமல் நிற்கிறதா என்று ஆய்வகத்தில் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். 2010 ஏப்ரல் 20ல் மெக்சிகோ வளைகுடாவில் 11 பேரின் உயிரைப் பறித்த மக்கொண்டோ கிணற்றில் போட்டது நைட்ரஜன் நுரைச் சிமெண்ட்தான். அங்கேயும் பாறை பிளக்கும் அழுத்தத்துக்கும் கிணற்றின் அழுத்தத்துக்கும் இடைவெளி மிகக் குறுகல். அந்த விபத்தின் விசாரணை அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் அதன் சிமெண்ட் பகுதியை வரி விடாமல் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆய்வகத்தில் எதைப் பார்ப்பது

கிணற்றுக்குப் போகப்போகிற அதே சிமெண்ட், அதே தண்ணீர், அதே சேர்மானம். அலமாரியில் இருக்கும் வேறு மூட்டைச் சிமெண்டில் செய்த சோதனை உங்கள் கிணற்றுக்கு உதவாது. கடல் தண்ணீரில் கலக்கப்போகிறீர்கள் என்றால் சோதனையும் கடல் தண்ணீரில்தான்; அது சிமெண்ட் இறுகுவதைச் சற்று வேகப்படுத்தும்.

கெட்டியாகும் நேரம், கட்டிப்பட்ட பின் பலம், தனியாகப் பிரியும் தண்ணீர் என்று பட்டியல் நீளும். எல்லாமே தேவைதான். அழுத்தம் இறங்கிய மணலுக்கு மட்டும் நான் தனியாக அழுத்திச் சொல்வது நீர் இழப்புச் சோதனை. மேலே சொன்ன உதாரணத்தில் மட் நிரலின் அழுத்தம் மட்டுமே 2964, மணலுக்குள் 1200. வித்தியாசம் 1764 பிஎஸ்ஐ. இவ்வளவு வேகத்தோடு அந்த மணல் ஸ்லரியிலிருந்து தண்ணீரை இழுக்கும். தண்ணீர் போன ஸ்லரி புட்டு மாவு போலக் கட்டியாகி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதற்கு மேலே சிமெண்ட் ஏறாது, பம்ப் அழுத்தம் எகிறும், பலவீனமான பாறை பிளக்கும். வழக்கமான சோதனை 1000 பிஎஸ்ஐ வித்தியாசத்தில் 30 நிமிடம். அதில் 50 மில்லிக்குள் வர வேண்டும் என்று கேளுங்கள்.

கிணற்றின் வெப்பம் 110 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிமெண்டின் எடையில் 35 சதவீதம் அளவுக்குச் சிலிக்கா மாவு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நாளாக நாளாகப் பலம் குறைந்துகொண்டே போகும்.

மட்டை வெளியேற்றுவது

எவ்வளவு நல்ல ஸ்லரியாக இருந்தாலும் இடைவெளியில் மட் தங்கிவிட்டால் அந்த வழியாக வாயு நடக்கும். சாய்ந்த கிணற்றில் கேசிங் ஒரு பக்கமாகப் படுத்துக்கொள்ளும். அந்தக் குறுகிய பக்கத்தில் மட் அசையாது. அதைத் தூக்கி நடுவில் நிறுத்துவது சென்ட்ரலைசர். எண்ணிக்கையைக் கணக்கிட்ட பிறகு செலவுக்காகவோ நேரத்துக்காகவோ யாராவது குறைக்கச் சொன்னால், குறைத்தால் என்ன ஆகும் என்று மறுபடி கணக்கிட்டு எழுத்தில் கொடுங்கள். மக்கொண்டோவில் கணக்கு சொன்னது 21, இறக்கியது 6. அந்த விபத்துக்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவு எடுக்கப்பட்ட விதம் நாம் பின்பற்றக் கூடாத விதம்.

கேசிங் அடி தொட்டதும் மட்டைச் சுழற்றி மெலிதாக்குங்கள். முடிந்தால் குழாயைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். இதற்கு ஈடான வேறொன்று கிடையாது. மட்டுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் அனுப்பும் திரவமான ஸ்பேசர் மட்டைவிடக் கொஞ்சம் கனமாக, சிமெண்டைவிடக் கொஞ்சம் லேசாக இருக்க வேண்டும். 9.5க்கும் 12.0க்கும் நடுவில் அதிக இடம் இல்லை, 10.5 பக்கம் வைத்தால் சரியாக வரும். ஸ்பேசரின் எடையையும் கூரைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். அதில் இழப்பைத் தடுக்கும் நார்களும் கலக்கலாம், கேசிங்கின் அடியில், சிமெண்ட் உள்ளே திரும்பாமல் தடுக்கும் ஃப்ளோட் வால்வு வழியாக அவை போகுமா என்று பார்த்துவிட்டு.

பம்ப் பண்ணும் நாள்

கடலுக்குப் போக மருத்துவச் சோதனையும் கடல் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே தேதி வாங்கிவிடுங்கள். வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

ரிக்கில் சிமெண்ட் யூனிட்டை ஓட்டும் அபாங் (மலாய் அண்ணன்) உங்களைவிட இருபது வருடம் கூடுதலாக இந்த வேலையைப் பார்த்தவராக இருப்பார். வேலைக்கு முன்பு அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு படியையும் மலாயில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். எந்த அழுத்தத்தில் பம்ப் வேகத்தைக் குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அப்போதே தீர்மானமாகியிருக்க வேண்டும்.

அடர்த்தியை அளக்க அழுத்தத் தராசைப் பயன்படுத்துங்கள். கிண்ணத்தில் ஸ்லரியை நிரப்பி, மூடியைத் திருகி, கைப் பம்பால் இன்னும் கொஞ்சம் ஸ்லரியை உள்ளே அழுத்த வேண்டும். மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழ்கள் அப்போது நசுங்கிவிடும். வெளியே ஒட்டியதை ஒரு துணியால் சுத்தமாகத் துடைத்து, தண்டை முனையில் வைத்து, எடையை நகர்த்திக் குமிழி நடுவில் நிற்கும் இடத்தைப் படியுங்கள். சாதாரணத் தராசு காற்றையும் சேர்த்து நிறுப்பதால் குறைத்துக் காட்டும். அதை நம்பிச் சிமெண்டைக் கூட்டினால் ஸ்லரி கனத்துவிடும்.

கண்ணாடி உருண்டை கலந்த ஸ்லரியில் இன்னொரு சிக்கல். உலர்ந்த கலவையின் அடர்த்தியே தண்ணீரின் அடர்த்தியை நெருங்கியிருக்கும். அதனால் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் தராசில் பெரிதாகத் தெரியாது. அடர்த்தி சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக நிற்பீர்கள். கலவை மோசமாக இருக்கும். இந்த ஸ்லரிக்கு எவ்வளவு தண்ணீர் போனது, எவ்வளவு ஸ்லரி வந்தது என்று தொட்டி அளவை வைத்து ஓட்ட வேண்டும். முடிந்தால் முழுவதையும் பேட்ச் தொட்டியில் முன்பே கலந்து, சோதித்து, பிறகு பம்ப் பண்ணுவது இன்னும் நல்லது.

பம்ப் ஓடும்போது உங்கள் கண் திரும்பி வரும் மட்டின் மேல் இருக்கட்டும். எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு வெளியே வர வேண்டும். குறைய ஆரம்பித்தால் வேகத்தைக் குறையுங்கள். உராய்வு குறைந்தாலே சில நேரம் இழப்பு நின்றுவிடும். எந்த நிமிடம், எந்த பேரல், எவ்வளவு குறைந்தது என்று கையாலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் இடைவெளியில் மேலே ஏறும்போது பம்ப் அழுத்தம் கூடும். எவ்வளவு உயரம் ஏறியது என்பதற்கு அதுவே சாட்சி. 15.8 ஸ்லரி 1000 அடி ஏறினால், உள்ளே 9.5 மட் இருக்கும்போது, சுமார் 328 பிஎஸ்ஐ கூடும். 12.0 ஸ்லரிக்கு 130தான். உராய்வு மாறும்போது இந்த 130 எளிதில் மறைந்துவிடும். ஆகவே கடைசி சில பேரல்களில் வேகத்தை ஒரே அளவில் வைத்து, அழுத்தம் ஏறுகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். டாப் பிளக் மோதியதும் 500 பிஎஸ்ஐ கூட்டிப் பிடித்து, பிறகு திறந்து விட்டு, ஃப்ளோட் தாங்குகிறதா, எத்தனை பேரல் திரும்பி வருகிறது என்று அளந்து பாருங்கள்.

சிமெண்ட் நின்றதா என்று தெரிந்துகொள்வது

பிளக் மோதியது என்றால் குழாய்க்குள் பிளக் போய்ச் சேர்ந்தது என்றுதான் பொருள். வெளியே சிமெண்ட் எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது.

சிமெண்ட் ஒட்டியிருக்கிறதா என்று ஒலியால் பார்க்கும் பாண்ட் லாக் எடுக்கும்போது, போட்டது லேசான சிமெண்ட் என்பதை அதைப் படிப்பவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஒலி எதிர்ப்பு என்று ஒரு அளவு உண்டு: தண்ணீருக்குச் சுமார் 1.5 மெகாரேல், வழக்கமான சிமெண்டுக்கு ஏறக்குறைய 5 அல்லது 6. லேசான சிமெண்ட் இரண்டுக்கும் நடுவில் விழும். வழக்கமான எல்லைக்கோட்டை வைத்துப் படித்தால் நல்ல சிமெண்டையே திரவம் என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் தேவையில்லாமல் கேசிங்கைத் துளைத்து ஸ்குவீஸ் பண்ணி (மறுபடி சிமெண்டை அழுத்தி நுழைத்து), பலவீனமான மணலை நீங்களே பிளக்க நேரிடும். உங்கள் ஸ்லரியின் எதிர்ப்பு மதிப்பை ஆய்வகத்தில் அளந்து கொடுங்கள். அல்ட்ராசோனிக் லாகையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

சிமெண்ட் கெட்டியான பிறகு கேசிங்கை அதிக அழுத்தத்தில் சோதித்தால் குழாய் விரிந்து, பின்பு சுருங்கி, மெல்லிய இடைவெளி ஒன்று விழும். அழுத்தச் சோதனையைப் பிளக் மோதிய கையோடு, சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே செய்துவிட்டால் அந்தத் தொல்லை குறையும். எல்லாக் கிணற்றிலும் பிளக், ஃப்ளோட் இரண்டும் அதற்கு இடம் தராது, தரும் இடத்தில் செய்யுங்கள்.

எதிர்மறை அழுத்தச் சோதனையில் கிணற்றின் உள்ளே அழுத்தத்தைக் குறைத்து, ஏதாவது உள்ளே வருகிறதா என்று பார்ப்பார்கள். டிரில் பைப்பில் அழுத்தம் திரும்பத் திரும்ப ஏறுகிறது, பக்கத்துக் குழாயில் ஓட்டம் இல்லை என்றால் அதற்குச் சமாதானம் கண்டுபிடிக்காதீர்கள். மக்கொண்டோவில் அன்று மாலை நடந்தது அதுதான்: காட்டிய எண்ணை ஏற்காமல் அதற்கு ஒரு விளக்கம் சொல்லி, சோதனை தேறியது என்று முடிவு செய்தார்கள்.

கூரை மிகவும் தாழ்ந்திருந்தால்

எவ்வளவு லேசாக்கினாலும் கணக்கு ஒத்துவராத கிணறுகள் உண்டு. அப்போது நடுவில் ஸ்டேஜ் கருவி வைத்து இரண்டு கட்டமாகப் போடலாம். நீளமான கேசிங்குக்குப் பதிலாக லைனர் (மேலே வரை வராத குட்டைக் கேசிங்) இறக்கி, அதன் தலையில் பேக்கர் (இடைவெளியை அடைக்கும் கருவி) வைக்கலாம். இரண்டு மணலுக்கும் நடுவில் கேசிங்கின் வெளியே வீங்கும் பேக்கரை வைத்து, சிமெண்ட் முழுதாக வராவிட்டாலும் பிரிவு நிற்கும்படி செய்யலாம். இவற்றை கேசிங் இறங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். ஆர்டர் கொடுத்துக் கருவி துறைமுகத்துக்கு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், கணக்கில் மிச்சம் 100 பிஎஸ்ஐக்குக் கீழே போன அன்றே இந்தப் பேச்சை எடுங்கள்.

வேலை முடிந்ததும் அறிக்கையில் மூன்று எண்களைக் கட்டாயம் எழுதுங்கள்: மொத்தம் இழந்த பேரல், கடைசியில் காட்டிய லிஃப்ட் அழுத்தம் (சிமெண்ட் ஏறியதால் கூடிய பம்ப் அழுத்தம்), லாகில் சிமெண்டின் உச்சி இருந்த ஆழம். கூடவே, எந்த அழுத்தத்தில் இழப்பு தொடங்கியது என்பதையும். பக்கத்துக் கிணற்றுக்குக் கூரையைக் கணக்கிடும் அடுத்தவருக்கு மாடலைவிட இந்த வரி பயன்படும்.